கல்லும் களப்பும்

2021 மார்ச் 20ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்து பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினால்வருக்குக் குறையாதோர் மாண்டனர். வீதியில் உருண்டு வந்த பாறை அகற்றப்படாமலே கிடந்தது. பேசப்பட்டதோ பெரும்பாலும் சாரதியின் வேகமே.

மலையில் நிகழ்ந்தது அவ்வாண்டிலேயே நீரிலும் நிகழ்ந்தது. நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணிக் களப்பில் படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்பட அறுவருக்குக் குறையாதோர் இறந்தனர். புதுப்பாலம் எழுந்து முடியாத காலம் அது. "அளவுக்கு மீறி ஏறினர்" என்று அங்கும் மக்கள்மேற் பழி போடுவார் உளர். மணியடிக்குமுன் பள்ளி சேரவேண்டிய சிறுமி படகின் பாரத்தை எங்ஙனம் அளப்பாள்? ஏறத்தக்கோர் தொகையை எழுதி வைத்தலும், மிகுந்தோரை மறித்தலும், உயிர்காப்பு அங்கி அணிவித்தலும் படகை ஓடவிட்டோர் கடனன்றோ?

சட்டம் இல்லாத நாடுமன்று இது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் மீன்பிடி வள்ளத்தைப் பதியச் சொல்கிறது. வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. வேண்டியதே; களப்பு வற்றினால் பசறைச் சந்தைக்குக் கருவாடும் வாராது. ஆனால் மீனுக்கு வகுத்த காவல், அதே நீரைக் கடக்கும் மாணவருக்கு எட்டவில்லை.

விபத்தின் பின் கடற்படை அங்கே படகுச் சேவை தொடங்கிற்று. படகும் இருந்தது, படகோட்டியும் இருந்தான், அங்கியும் இருந்தது. நவம்பர் 22இல் அவை வருதற்குத் தடையாயிருந்தது யாது?