கம்பியின் தடிமனும் விரலின் வலியும்

மின்கித்தார் பயிலும் மாணவரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: கம்பி தடித்தால்தான் நாதம் கனக்கும், மெல்லிய கம்பியை நாடுபவர் உழைக்க அஞ்சுபவர். ஸ்டீவி ரே வான் 0.013 அங்குலக் கம்பி கட்டியதே இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று. அவர் அரைச்சுரம் இறக்கிச் சுருதி கூட்டினார் என்பதைச் சொல்வார் குறைவு. அவ்வளவு இறக்கினாலே இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும்.

கணக்கு எளியது. நீளமும் சுருதியும் மாறாதிருக்க, இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறும். 0.009 அங்குலத்துக்கும் 0.010-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. முதற்கம்பியின் இழுவிசையோ 23 விழுக்காடு கூடிவிடுகிறது. கருவியின் அளவும் இதில் சேரும். கிப்சனின் 24.75 அங்குலக் கருவியைவிட ஃபெண்டரின் 25.5 அங்குலக் கருவியில் அதே கம்பி சுமார் 6 விழுக்காடு கூடுதலாக இறுகியிருக்கும். கருவி எதுவெனக் கேளாமலே கம்பியைப் பரிந்துரைப்பவர் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

இழுத்து வாசிக்கும்போதுதான் உண்மை விளங்கும். ஒரே சுருதியில் நிற்கும் இரு வெற்று எஃகுக் கம்பிகளை, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது, ஒரே தூரம் இழுத்தால் சுருதி ஏறக்குறைய ஒரே அளவே உயரும். விரல் தரவேண்டிய விசைதான் வேறு. ஒரே மெட்டில் விரலை ஊன்றிக் கமகம் இழுக்க விழையும் கர்நாடக இசை மாணவருக்கு இது சிறிய செய்தியன்று. சிறிய கைகளோடு வந்து, வலி தாளாமல் இரண்டே மாதத்தில் கருவியை விடுதி அலமாரிமேல் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் குறைந்தது முயற்சியன்று. பிளாக் சபாத்தின் டோனி அயோமி, தொழிற்சாலை விபத்தில் இரு விரல்நுனிகளை இழந்தபின் பாஞ்சோக் கம்பிகளைக் கித்தாரில் கட்டி வாசித்தவர். அவர் இசை மெலிந்தது என்று எவரும் சொன்னதில்லை.

தடித்த கம்பிக்கும் இடமுண்டு. சுருதியை வெகுவாக இறக்குவோருக்கும், அழுத்தி மீட்டுவோருக்கும் அது தளராமல் நிற்கும். உலோகத்தைப் பற்றி ஒன்று: அகூஸ்டிக் கித்தாருக்குரிய வெண்கலச் சுற்றுக் கம்பியை இதில் கட்டாதீர்கள், காந்த பிக்கப் வெண்கலத்தை உணராது, உள்ளிருக்கும் எஃகை மட்டுமே உணரும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் வியர்வையும் சேர்ந்து கம்பியை விரைவில் கெடுக்கும். விலையுயர்ந்த ஒரு தொகுதியை ஆண்டு முழுதும் வைத்திருப்பதைவிட, எளிய நிக்கல் பூச்சுக் கம்பியை அடிக்கடி மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. 0.009-இல் தொடங்குங்கள். தடிமனை மாற்றும் நாளில் கழுத்தின் வளைவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.