எலும்பு முறிவுச் சிகிச்சையில் பிராணவாயு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

திக்லிபூரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியே சுமார் 300 கிலோமீட்டர் தாண்டியோ, ஹட்பேயிலிருந்து கப்பலேறியோ, கார் நிக்கோபாரிலிருந்து ஹெலிகாப்டரிலோ, நொறுங்கிய காலோடு ஒரு மனிதர் எங்கள் புரோத்ராபூருக்கு அடுத்துள்ள ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது, எலும்பைப் பொருத்தும் வித்தை எவ்வளவோ வளர்ந்திருந்த போதிலும், பின்னால் ரணத்தில் சீழ் வைக்குமோ என்ற பயம் வைத்தியரையும் குடும்பத்தாரையும் விட்டபாடில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தடவிப் பார்த்தவர் யாரும் அறிவார்: அங்கே தசை இல்லை, தோல் ஒன்றே போர்வை. அடிபட்ட மறுநாளே அத்தோல் பளபளவென்று வீங்கி நீர்க்கொப்புளம் கண்டுவிடுகிறது; வீக்கம் வற்றிச் சுருக்கம் விழும்வரை காத்திருந்து, அதே தோலைக் கீறித்தான் தகட்டையும் திருகுகளையும் வைத்தாக வேண்டும்.

இத்தகைய சஸ்திர சிகிச்சையின்போது நோயாளி சுவாசிக்கும் வாயுவில் பிராணவாயுவை 80 சதவிகிதமாக உயர்த்துவது நன்மை தருமா என்பதே எம்முன் உள்ள விஷயம். வெள்ளை அணுக்கள் தாம் விழுங்கிய கிருமியைக் கொல்வதற்குப் பிராணவாயுவையே ஆயுதமாக்குகின்றன. நசுங்கி ரத்த ஓட்டம் குன்றிய இடத்திலோ அது அருகிப்போகிறது.

அமெரிக்காவில் 29 விபத்துச் சிகிச்சை மையங்களில், காலெலும்பின் மேல்முனையோ கீழ்முனையோ குதிகால் எலும்போ முறிந்த 1,231 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், சிகிச்சையின்போதும் அதன்பின் 2 மணி நேரம் வரையிலும் 80 சதவிகிதம் பெற்றவர்களில் 7 சதவிகிதத்தினருக்கும், 30 சதவிகிதம் பெற்றவர்களில் 10.7 சதவிகிதத்தினருக்கும், 182 நாட்களுக்குள் ரணத்தில் கிருமித் தொற்று கண்டது. நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர் தப்பினர் என்பது அற்ப லாபமன்று. ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் மேல்தோலளவிலான தொற்றிலேயே கிடைத்தது என்பதையும், தகட்டைச் சூழ்ந்து எலும்பை அரிக்கும் ஆழ்ந்த தொற்று குறைந்ததாக அது நிரூபிக்கவில்லை என்பதையும் மறைப்பது வைத்திய தர்மமாகாது. குடல் சிகிச்சையில் 2000-இல் 500 பேரிடம் நடந்த ஆராய்ச்சி இம்முறையை ஆதரித்தது. 2009-இல் டென்மார்க்கில் வயிற்றுச் சிகிச்சை பெற்ற 1,400 பேரிடம் நடந்தது யாதொரு பயனும் காணவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் 2016-இல் உறுதியாகச் செய்த சிபாரிசை 2018-இல் நிபந்தனையுள்ள சிபாரிசாகத் தளர்த்திக்கொண்டது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி எமது சங்கம் கொண்டுள்ள அபிப்பிராயம் இது: தொற்றுக்கு ஏதுவான கால் முறிவுகளுக்கு, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி முழு மயக்கத்தில் சிகிச்சை பெறும் வயது வந்தோருக்கு, 80 சதவிகிதப் பிராணவாயுவைச் சிகிச்சை முழுவதும், பின்னர் 2 மணி நேரம் வரையிலும் அளிப்பது தகும். நாட்பட்ட நுரையீரல் நோயால் கரியமில வாயுவைத் தேக்கி வைக்கும் உடலினருக்கும், பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து பெற்றவர்களுக்கும் இதை விதியாக்குதல் கூடாது.

செலவையும் சொல்லியாக வேண்டும். மூக்கில் செருகும் மெல்லிய குழாயால் 80 சதவிகிதம் கிட்டாது; பையோடு கூடிய முகமூடியே வேண்டும். நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் 2 மணி நேரத்துக்கு 1,440 லிட்டர், அதாவது 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். 2021-ஆம் வருஷத்துக் கோவிட் நாட்களில் நாடே பிராணவாயுவுக்குத் தவித்ததை நாம் மறந்துவிடவில்லை. கடல் சூழ்ந்த இத்தீவுகளில், மூச்சுத் திணறும் குழந்தைக்கோ நிமோனியா நோயாளிக்கோ உரிய கையிருப்பைக் குறைத்து இதைச் செய்வதை எமது சங்கம் ஒருக்காலும் ஆதரியாது.

மேலும், பிராணவாயு எதற்கும் பதிலாக வந்த சாதனமன்று. எலும்பு வெளித்தெரியும் காயத்துக்குக் கிருமிக்கொல்லி மருந்தை, அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதே உத்தமம். காயத்தை நன்கு கழுவி, செத்த தசையை நீக்கும் வேலையோ எந்த வாயுவாலும் ஆகக்கூடியதன்று. எனவே திக்லிபூரிலும் ரங்கத்திலும் ஹட்பேயிலும் கார் நிக்கோபாரிலும் பணிபுரியும் வைத்தியர்களையும் செவிலியரையும் நாங்கள் வேண்டிக்கொள்வது யாதெனில், நோயாளியை வண்டியிலோ கப்பலிலோ ஏற்றுமுன் கிருமிக்கொல்லி மருந்தின் முதல் ஊசியை அங்கேயே போட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.