டி.சி. வேறு... ‘பாஸ்’ வேறு! பாதியில் வேலைக்குப் போன பையன் பரீட்சை எழுதலாமா?

சென்னை புதுப்பேட்டை ஒர்க்ஷாப்பிலும் கோயம்பேடு மார்க்கெட்டிலும் ஒன்பதாவதோடு நின்றுவிட்ட பையன்கள் வேலை பார்க்கிறார்கள். “அதான் டி.சி. வாங்கியாச்சே, போதாதா?” என்பார்கள் வீட்டில்.

போதாது!

பையன் எந்த வகுப்பு வரை வந்தான், எந்தத் தேதியில் நின்றான் என்பதற்குத்தான் டி.சி. சாட்சி. மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றவனா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. ஜனவரியில் நின்றவனுக்கு அங்கே ‘ஆம்’ என்று எழுத முடியாது. இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் ஒரு வகுப்பாவது மிஞ்சியிருக்கும்!

எட்டாவது முடித்தால்...

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாவது முடித்த பிள்ளைக்குச் சான்றிதழ் தரவேண்டும். அதற்கு முன்பே நின்றவனும் கையைப் பிசைய வேண்டாம். 12½ வயது முடிந்திருந்தால் தனித்தேர்வராக எட்டாவது பரீட்சை எழுதலாம்.

பத்தாவதையும் தனியாக எழுதலாம். முதல் தடவை எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்வர வேண்டும். தினக்கூலிப் பையனுக்கு அங்கேதான் இடிக்கிறது. பயிற்சிக்குப் போனால் அன்றையக் கூலி போச்சு!

மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. 14 வயதானவர்கள் பத்தாவதுக்குச் சேரலாம். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. 5 வருஷத்தில் 9 வாய்ப்பு. பாஸான பாடம் கணக்கில் நிற்கும்.

பாஸ்போர்ட்டில் தெரியும்

பத்தாவது எதற்கு என்று கேட்கிறவர்கள் பாஸ்போர்ட் ஆபீசில் விசாரிக்கட்டும். பத்தாவது பாஸ் என்றால், சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டியதில்லை. லாரி, வேன் ஓட்டும் லைசென்சுக்கு எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலையில் அந்தச் சலுகை இல்லை.

பாக்கிக்குப் பிணையா?

“பீஸ் பாக்கி, டி.சி. கிடையாது” என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கியை அதில் குறிக்கவும் கூடாது என்று 2024-ல் சென்னை ஐகோர்ட்டு சொல்லிவிட்டது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 14 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக்கூடாது.

ஆக, விதி கதவைச் சாத்தவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை! டி.சி.யில் கையெழுத்துப் போடும்போதே, தனித்தேர்வு எப்போது, எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு துண்டுச்சீட்டையும் தலைமையாசிரியர் கொடுக்கலாமே? ஒர்க்ஷாப் முதலாளி பயிற்சி நாளில் கூலியோடு லீவு விடலாமே?

அரசாங்கத்துக்குச் செலவு ஒரு தாள். பையனுக்கு அது ஆயுசுக்கும் சோறு!