முதுகில் 'டக்'... அந்தச் சத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் இடம் உண்டா?

கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. மறுநாள் காலையில ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டுல நின்னா, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவங்களைப் பார்க்கலாம். ஸ்கந்தாசிரமம் வரை ஏறி இறங்கினவங்க நிலைமை இன்னும் மோசம். டீக்கடையில உட்கார்ந்து போனைத் திறந்தா, கழுத்தைத் திருப்பி 'டக்'னு சத்தம் வரவைக்கிற கைரோபிராக்டிக் ரீல்ஸ். பார்க்கவே சுகமாத்தான் இருக்கு!

ஆனா, எலும்பு இடத்துல போய் உட்கார்ற சத்தம் இல்லை அது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்தில் அழுத்தம் குறையும்போது வர்ற வாயுக்குமிழி சத்தம்.

1895-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த முறையை அங்குள்ள டாக்டர்கள் சங்கம் பல வருஷம் ஒதுக்கியே வெச்சிருந்தது. அது தவறுன்னு 1987-ல் கோர்ட் சொன்னது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் கைரோபிராக்டர்களைச் சேர்க்க 2002-ல் சட்டமே வந்தது. அங்கே நோயாளியின் ஸ்கேன், மாத்திரை விவரம் எல்லாம் பார்த்துட்டுத்தான் முதுகுல கை வைக்கிறாங்க. எனக்கு முக்கியமாத் தெரியறது 'டக்' இல்லை, அந்த ஃபைல்தான்.

ஏன்னா, நம்ம ஊர்ல முதுகுவலிக்குப் பின்னால முதுகெலும்பு டி.பி. கூட இருக்கலாம். வாரக்கணக்கில் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறதுன்னு இருந்தா முதல்ல டெஸ்ட்தான் தேவை. கால் மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடும் போனா அது எமர்ஜென்சி. ரீல்ஸ் பார்த்துப் போற இடத்துல இதையெல்லாம் கேட்க ஆள் இருக்கா?

இந்தியாவில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவு இருக்கு, கைரோபிராக்டிக்குக்கு இல்லை. அதனால யார் படிச்சவங்க, யார் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவங்கன்னு நமக்குப் பிரிச்சுப் பார்க்கிறதே கஷ்டம்.

இதுல தமிழ்நாட்டுக்குப் பாதி அனுபவம் ஏற்கெனவே உண்டு. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கு. வர்மம், தொக்கணம் எல்லாம் சித்த மருத்துவத்தில் பாடமாவே இருக்கு. ஒரே காம்பவுண்டுதான். ஆனா எலும்பு டாக்டர் எழுதின சீட்டை சித்தா டாக்டர் பார்க்கணும்னா, பெரும்பாலும் நோயாளியேதான் தூக்கிட்டு நடக்கணும், அதுவும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு! முதல்ல அந்தச் சீட்டு ஒண்ணாகட்டும். கைரோபிராக்டரைச் சேர்க்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

சாதாரண இடுப்பு வலிக்கு, தேர்ந்த கைகளால் முதுகெலும்பை அசைக்கிற சிகிச்சை ஓரளவு உதவலாம். கழுத்து விஷயம் வேற. அபூர்வமா ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் போயிருக்கு. யார் கேட்டாலும் என் கழுத்தை இப்போதைக்குத் தர்றதா இல்லை.