பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்!

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வல்லம் வடகால் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில், 2017 முதல் 'புல்லட்' செய்யும் ராயல் என்பீல்டு கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று நடந்து வருகிறது.

இந்தக் கம்பெனியையே மூடிவிடலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1955-இல் சென்னையில் பிறந்த கம்பெனி இது. ராணுவமும் போலீசும் புல்லட்டை விரும்பி வாங்கின. ஆனால் 2000-ஆம் ஆண்டு வாக்கில், மாதம் 2 ஆயிரம் வண்டி விற்பதே பெரும்பாடாக இருந்தது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று ஐஷர் நிர்வாகம் தயங்கியது. அப்போது கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பொறுப்பை ஏற்றவர் சித்தார்த்த லால். முதலாளியின் மகன். வயது 26.

அவர் என்ன செய்தார்? வண்டியை ஓட்டினார்! ஊர் ஊராகச் சுற்றினார். ஓட்டுகிறவர்களோடு பேசினார்.

காலில் பட்ட வலி

பழைய புல்லட்டின் தொல்லை அதை ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, அதன் பிறகு கிக்கரை உதைக்க வேண்டும். தப்பாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும்! எண்ணெய் கசியும். மற்ற வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். புல்லட்டில் இரண்டும் தலைகீழ். வேறு வண்டி பழகியவன் அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்தால் என்ன ஆவான்?

கணக்குப் புத்தகத்தில் இந்தத் தொல்லைகள் தெரியாது. 'விற்பனை குறைவு' என்று மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல். புதியவர்கள், "கியரை இடது பக்கம் மாற்றுங்கள்" என்றார்கள். பழைய புல்லட்காரர்களோ, "கை வைக்காதீர்கள், புல்லட் புல்லட்டாகவே இருக்கட்டும்" என்றார்கள். இரண்டு பேரும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தானே! யார் பேச்சைக் கேட்பது?

வண்டியின் உருவத்தை விட்டுவிட்டார்கள். உள்ளே இருந்ததை மாற்றினார்கள். கியர் இடது காலுக்குப் போயிற்று. இஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தன. 'டுப் டுப்' சத்தம் குறைந்துவிட்டது என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் 2009-இல் வந்த 'கிளாசிக்' வண்டிக்கு மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2024-25 நிதியாண்டில் இந்தக் கம்பெனி விற்ற வண்டிகள் 10 லட்சத்துக்கும் மேல்.

ஓட்டாதவர் யார்?

எல்லாம் சரி. ஓட்டுகிறவனை முதலாளி கேட்டார். பின்னால் உட்கார்ந்து வருகிறவளை யார் கேட்டது?

இந்தக் கேள்வி ஒரு கம்பெனிக்கு மட்டும் அல்ல. மோட்டார் சைக்கிள் செய்கிற எல்லோருக்கும்தான். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஒரு குடும்பத்தின் வண்டி. கணவன் ஓட்டுகிறான். மனைவி சேலையில், ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையும் மறு கையில் அவன் தோளுமாக வருகிறாள். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் அவள் உயிருக்கே ஆபத்து.

பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சேலை சக்கரத்தில் சிக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். அதைக் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது! அந்த சாரி கார்டையும், அழகு கெடுகிறது என்று கடை வாசலிலேயே கழற்றச் சொல்கிற வாலிபர்கள் உண்டு. பின்னால் உட்காரப் போவது அவர்களுடைய அம்மாதான்.

தொழிலதிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அடுத்த வண்டிக்குப் படம் வரையும் முன், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை பின் சீட்டில் வந்து பாருங்கள். சேலை கட்ட வேண்டாம், வேட்டி போதும். ஒரு பக்கமாக உட்காருங்கள். கையில் ஒரு காய்கறிப் பை. ஓட்டுகிறவரிடம் மெதுவாகப் போகச் சொல்லாதீர்கள்.