சோகப் பாடல்கள் நமக்குத் தேவைதானா?

"எப்போது பார்த்தாலும் முகாரிதானா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வானொலியிலோ கைபேசியிலோ துயரப் பாடல் ஒன்று ஒலித்துவிட்டால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன பாட்டு? நிறுத்து!" என்ற குரல் உடனே எழும். பள்ளி விழாவுக்குப் பாடல் தேர்ந்தெடுக்கும்போதும், கண்ணீரை வரவழைக்கும் பாடல் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படும்; பிறகு அடித்தும் விடப்படும். சிரிப்பதற்கே நேரம் போதாத இவ்வுலகில் சோகப் பாடல்கள் எதற்கு என்பது பலருடைய கேள்வி. அவை தேவை என்பதே நம் கருத்து. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் முகாரியின் மீதுள்ள பழியைத் துடைப்போம். முகாரி என்றால் அழுகை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜ சுவாமிகள் இயற்றிய கீர்த்தனை முகாரியில்தான் அமைந்துள்ளது. எனவே இராகம் மட்டும் சோகத்தைக் கொண்டு வருவதில்லை. பாட்டின் சொல்லும், கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே கிடக்கும் நினைவும் அதனோடு சேரும்போதுதான் கண் கலங்குகிறது.

இதற்கு 1961-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாசமலர்' திரைப்படத்தின் தாலாட்டே சான்று. கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்-இராமமூர்த்தி இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பாடல் அது. தாலாட்டு என்பது குழந்தையைத் தூங்க வைப்பதற்கு. ஆனால் இந்தத் தாலாட்டைக் கேட்டு விழித்திருந்து கண்ணீர் வடித்த பெரியவர்கள் எத்தனை பேர்! அண்ணனைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டவர்கள், சொத்துத் தகராறில் உடன்பிறந்தாரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள், சமாதானம் ஆவதற்குள் அவர்களை இழந்துவிட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் அது வெறும் படப்பாட்டு அன்று. அவரவர் வீட்டுக் கதை.

நம் முன்னோர் அழுகையை இழிவாக நினைக்கவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்தபோது, நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். பிறரால் இகழப்படுதல், உரியவரை இழத்தல், முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குக் காரணங்கள் என்றும் காட்டினார். மனிதனின் துன்பங்களில் பெரும்பகுதி இந்த நான்கினுள் அடங்கிவிடுகிறது அல்லவா?

தமிழின் மிகப் பழைய சோகப் பாடல்களுள் ஒன்றைப் பாடியவர்கள் பெண்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பறம்பு மலையைக் கைப்பற்ற, தந்தை பாரியையும் இழந்து நின்ற மகளிர் இருவர் பாடியது புறநானூற்றின் 112-ஆம் பாடல். ஐந்தே அடிகள். சென்ற மாதத்து நிலவொளியில் தந்தையும் இருந்தார், மலையும் தங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து நிலவொளியில் இரண்டும் இல்லை என்பதே அதன் பொருள். பகைவரைச் சபிக்கும் சொல் ஒன்றும் அதில் கிடையாது. நிலவைப் பார்த்ததும் நினைவு வந்தது, நினைவு பாட்டாயிற்று. இன்று நமக்கு நிலவின் வேலையைப் பாட்டு செய்கிறது.

படிப்பறியாத நம் கிராமத்துப் பெண்களும் இதை அறிந்திருந்தார்கள். பிறந்த வீட்டில் தாலாட்டு, இறந்த வீட்டில் ஒப்பாரி. இரண்டையும் யாரும் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பிக்கவில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவரையொருவர் தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இறந்தவருக்காகத் தொடங்கும் அழுகையில், தாய்வீட்டில் இழந்ததும் புகுந்த வீட்டில் பட்டதும் வந்து கலந்துவிடும். மற்ற நாட்களில் வாய் திறந்து சொல்ல முடியாத துயரைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த மேடை அது ஒன்றுதான்.

நம் திருச்சபையும் கண்ணீருக்கு இடம் கொடுத்திருக்கிறது. கோவாவில் பிறந்து இலங்கையில் மறைப்பணி ஆற்றிய சாங்கோபாங்க சுவாமிகள் (1676–1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. தாயை இழந்த கருணையன் புலம்பும் பாடல்களைத் தேம்பாவணியில் வீரமாமுனிவர் நமக்குத் தந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவரே அழுதார். சில நிமிடங்களில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அவர். ஆயினும் அழுதார். அழுகை விசுவாசக் குறைவு என்று இனி யார் சொல்ல முடியும்?

ஆனால் சோகப் பாடல் கிளறிவிடுவது பிரிவுத் துயரை மட்டும் அன்று. "ஐயோ, அப்போது அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாமே!" என்ற ஏக்கத்தையும் சேர்த்தே எழுப்புகிறது. உப்பில்லாவிட்டால் தெரியும் உப்பின் அருமை. அப்பன் இல்லாவிட்டால் தெரியும் அப்பன் அருமை என்பார்கள். நோயுற்ற பாட்டி "கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரம்மா" என்றபோது பாடத்தைக் காரணம் காட்டி எழுந்து போனவளுக்கு, பாட்டி பாடும் பழைய பாட்டு எங்கோ ஒலிக்கும்போது நெஞ்சு சுடும். இந்தச் சூட்டை என்ன செய்வது என்பதே உண்மையான கேள்வி.

இதற்குப் பெரிய வியாழன் இரவே விடை சொல்கிறது. அந்த இரவில் இருவர் ஆண்டவருக்குத் துரோகம் செய்தனர். இருவருமே பின்னர் மனம் நொந்தனர். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பி எறிந்துவிட்டு, மன்னிப்பு உண்டென்று நம்பாமல் தனியே போனான். இராயப்பரோ கோழி கூவியதும், ஆண்டவரின் பார்வை பட்டதும், வெளியே சென்று மனங்கசந்து அழுதார். அழுதவர் திரும்பி வந்தார். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டு, தம் ஆடுகளையே ஒப்படைத்தார் உயிர்த்த ஆண்டவர். வருத்தம் இருவருக்கும் பொது. அது ஒருவரைத் தனிமைக்குள் தள்ளியது, மற்றவரை அன்பிடம் திருப்பியது. சோகப் பாடல் எழுப்பும் வருத்தமும் இந்த இரு வழிகளுள் ஒன்றில்தான் போகும்.

இதனால் பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செவிகளை அடைத்துக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, ஒரே பாட்டை இரவு முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்பது துக்கத்தை ஆற்றாது, வளர்க்கும். விவிலியத்தின் புலம்பல் நூலைப் பாருங்கள். எருசலேம் அழிந்த துயரை எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் முதல் நான்கு அதிகாரங்களும் பாடுகின்றன. முதல் எழுத்தில் தொடங்கி, கடைசி எழுத்தில் நிற்கின்றன. பெருந்துயருக்கும் ஒரு வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. தவக்காலத்துக்கும் நாற்பது நாட்கள் என்ற கணக்கு உண்டு; அதன் பின் அல்லேலூயா உண்டு. ஆகவே தோழியரே, ஒரு பாட்டின் துயரம் நாட்கணக்கில் விடாமல் நம்மை அழுத்தினால், தாயிடமோ ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ வாய்விட்டுச் சொல்லுவோம். ஒப்பாரிப் பெண்கள் தனியாக அழவில்லை என்பதை மறவாதிருப்போம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலார் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் சமையலறையில் அம்மா முணுமுணுக்கும் பழைய பாட்டு, பெரும்பாலும் அவர் நம் வயதில் கேட்ட பாட்டாகவே இருக்கும். அம்மாவுக்கும் ஒரு சிறுமிப் பருவம் இருந்தது. அவருக்கும் தோழியர் இருந்தனர். விட்டுப் பிரிந்த வீடு ஒன்று இருந்தது. பாட்டின் நடுவே அவர் குரல் தழுதழுத்தால், கேலி செய்ய வேண்டாம்; நிறுத்தவும் வேண்டாம். "இந்தப் பாட்டைக் கேட்டால் யார் நினைவு வருகிறதம்மா?" என்று அருகே அமர்ந்து கேட்போம். பெற்றோரே, பிள்ளைகள் அப்படிக் கேட்டால், "ஒன்றுமில்லை, போய்ப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம் அது.

அவ்வாறே, நாளை நம் கண்களை நனைக்கப் போகும் பாட்டுகளும் இன்று நம் செவியில் விழுந்துகொண்டிருப்பவைதாம். அந்தப் பாட்டு அன்று கொண்டு வரப்போவது நன்றியா, உறுத்தலா என்பது இன்றைய நம் நடத்தையைப் பொறுத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன? எனவே ஒரு சிறு விதியை வைத்துக்கொள்வோம். சோகப் பாடல் ஒன்று யாரையேனும் நினைவூட்டினால், அன்று உறங்குமுன் அவருக்காக ஒரு செயல் செய்துவிட வேண்டும். உயிரோடிருப்பவருக்கு ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, தேவையானால் ஒரு மன்னிப்பு. மறைந்தவருக்கு ஒரு செபம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி.

சோகப் பாடல்கள் நமக்கு வேண்டும். நம் வீட்டிலும் வேண்டும், நம் பள்ளி மேடையிலும் வேண்டும். அவை தரும் கண்ணீர் தலையணையோடு காய்ந்துபோகாமல், காத்திருக்கும் ஒருவரின் வாசல்வரை நம்மை நடத்திச் செல்லட்டும்.