ஸ்பூனை எப்போது கீழே வைப்பது?

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று போனால் டீச்சர்கள் வாயிலிருந்து தவறாமல் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "நீங்க ரொம்ப ஸ்பூன் ஃபீடிங் பண்றீங்கம்மா!"

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் இதைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகன் மூன்றாம் வகுப்பு. அவள் நேரே என்னிடம் வந்து, "அக்கா, இவன் இன்னும் நான் ஊட்டினாத்தான் சாப்பிடறான்னு டீச்சருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

டீச்சர் சொன்னது சாப்பாட்டை அல்ல, வீட்டுப்பாட நோட்டை. பையன் யோசிக்க வேண்டிய கணக்கை அம்மாவே போட்டு, விடையை மட்டும் எழுத வைத்திருக்கிறாள். 'ஸ்பூன் ஃபீடிங்' என்றால் நேர்ப்பொருள் ஸ்பூனால் ஊட்டுவது. வழக்கில், ஒருவர் தானே செய்யக்கூடியதையும் நாம் செய்து கொடுத்து, அவருக்கு யோசிக்கவும் முயலவும் இடமில்லாமல் செய்துவிடுவது. நம் பேச்சில் 'ஊட்டி வளர்த்தேன்' என்பது பெருமை. ஆங்கிலத்தில் அதுவே குறை. அதனால்தான் கேட்டதும் நமக்குச் சுருக்கென்கிறது.

ஆனால் சகோதரிகளே, ஸ்பூன்மேல் குற்றம் இல்லை. 34 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைகள் பலவற்றுக்குப் பாலை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய வராது. அப்போது டாக்டர் சொல்கிறபடி தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையாலோ ஸ்பூனாலோ புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான்! அங்கே அது உயிர் காக்கும் உதவி. எந்த வயதில் எவ்வளவு உதவி என்பதுதான் கேள்வி.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் குழைந்த சாதமும் பருப்பும் மசித்து ஊட்ட வேண்டியதுதான். 8, 9 மாதத்தில் குழந்தை கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சின்னப் பொருளை எடுக்கப் பழகும். அதுதான் அடையாளம். இட்லித் துண்டு, குழைய வெந்த காரட் என்று தட்டில் வையுங்கள். ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகள் தாமே எடுத்துத் தின்னும். ஒன்றரை வயதில் ஸ்பூனைப் பிடிக்கும், பாதியைச் சிந்தும். இரண்டு வயதுக்குமேல் நம் உதவி மெள்ள மெள்ளக் குறையலாம். சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். ரொம்பத் தாமதமானால் டாக்டரிடம் கேளுங்கள்.

தானே சாப்பிடுகிறதே என்று அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். உட்கார வைத்து, பக்கத்திலேயே இருங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது வரை வேண்டாம்.

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள். டி.வி.யையோ செல்போனையோ காட்டி வாயில் திணிக்கும்போது, போதும் என்று பிள்ளையின் வயிறு சொல்வது பிள்ளைக்கே கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது: கைக்குழந்தைக்கு ஊட்டுங்கள், வளர்ந்த குழந்தை தானே சாப்பிட உதவுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

இனி பாட நோட்டுக்கு வருவோம். 1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். கூட இருந்தவர் முடிந்தவரை குழந்தையையே செய்ய விட்டு, திணறும் இடத்தில் மட்டும் கைகொடுத்தார். இந்த மாதிரி உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாரம்'. வீடு கட்டும்போது கட்டுகிறோமே, அந்தச் சாரம். சுவர் நின்றதும் பிரித்துவிடுகிறோம் அல்லவா?

வீட்டில் இதைச் செய்வது எளிது. "விடை என்னம்மா?" என்று பிள்ளை கேட்டால், "கணக்கில் என்ன கேட்டிருக்குன்னு சத்தமா படி" என்று சொல்லுங்கள். பாதி கணக்கு அதிலேயே விளங்கிவிடும். பிறகும் திணறினால் முதல் படியை மட்டும் காட்டுங்கள். தப்பாக எழுதினால் எழுதட்டும். எங்கே புரியவில்லை என்று டீச்சருக்குத் தெரிய வேண்டாமா?

காலை ஏழரைக்கு வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். நடக்காது. அவசரத்தில் ஊட்டி அனுப்புவது சோம்பலும் அல்ல, செல்லமும் அல்ல. வேறு வழியில்லை. அதனால் காலையில் தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். அவளுக்குத் தை மாதம் இரண்டாவது பிரசவம். "நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இவன் பட்டினி கிடப்பானேக்கா" என்பதுதான் அவள் உண்மையான கவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வேளை மட்டும் ஆரம்பித்தாள். பழைய பேப்பரை விரித்து, கொஞ்சமாகச் சாதம் போட்டாள். முதல் நாள் 40 நிமிஷம். பாதிச் சாதம் பேப்பரில். "பிள்ளை இளைச்சுப் போயிடுவான்" என்று மாமியார் எழுந்து வந்தார். "நீங்க பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்லுங்கத்தே" என்று அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் இரவுச் சாப்பாடும் அவன் கைக்கு வந்துவிட்டது. காலையில் இன்னும் அம்மாதான். இருக்கட்டுமே! அதற்கும் நாள் வரும்.

நீங்களும் இந்தப் பதினைந்து நாளில் ஒரே ஒரு வேலையைப் பிள்ளையிடம் விட்டுப் பாருங்கள். ராத்திரி பையில் புத்தகம் அடுக்குவது, சட்டைப் பித்தானைப் போடுவது, தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, எதுவானாலும் சரி. ஒன்று படிந்தபின் அடுத்தது.

ஊட்டுவதையே விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டாம். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் கஞ்சியை ஊட்டத்தான் வேண்டும். பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் எல்லோருமாக நிலாச்சோறு சாப்பிடுங்கள். பெரியவர்கள் அன்று சாதத்தைப் பிசைந்து உருட்டிப் பிள்ளைகளின் உள்ளங்கையில்தான் வைப்பார்கள். அதை வாயில் போட்டுக்கொள்வது பிள்ளைகளின் வேலை.